ஓடி முடித்த கையோடு எடுத்த ரத்தம்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஐந்து வருடமாக 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். இரண்டு மாதமாகச் சீக்கிரம் களைத்துவிடுகிறாள். போன வாரம் காலைப் பயிற்சி முடிந்ததும் மைதானத்திலிருந்து நேராக அழைத்துப்போய் ரத்தம் கொடுத்தோம். வெள்ளணுக்கள் 14,800, சி.பி.கே. 860, ஹீமோகுளோபின் 11.4. வெள்ளணுக் கணக்கைப் பார்த்து ரத்தப் புற்றுநோயோ என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருக்கிறோம். ஓட்டத்தை நிறுத்திவிடட்டுமா?
- ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ‘மைதானத்திலிருந்து நேராக’ என்ற சொற்கள்தான். கடுமையாக ஓடும்போது அட்ரினலின் சுரக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளணுக்கள் அதனால் ரத்த ஓட்டத்தில் கலந்துவிடுகின்றன. எண்ணிக்கை இரண்டு மடங்காவதுகூட உண்டு. 1901-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்திலேயே இதைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

சி.பி.கே. என்பது தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ஒரு நொதி. புதிதாகத் தாவல் பயிற்சியோ இறக்கத்தில் ஓட்டமோ சேர்த்தார்களா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். அதே பயிற்சியைச் சில வாரம் கழித்துச் செய்தால் இவ்வளவு ஏறாது, தசை பழகிவிடும். ஆனால் சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பயிற்சி ரத்தத்தை எப்படி மாற்றுகிறது என்பதை நான் அடிக்கடி கண்ணாரக் காண்கிறேன். சென்ற மாதம் இரண்டு பெண்களை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். கடுமையாக உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டேட் புதிதாகச் சேர்ந்தவளுக்கு 8. நான்கு வருடம் ஓடியவளுக்கு 3. பழகிய தசை லாக்டேட்டை அவ்வளவாகச் சேரவிடாது, சேர்ந்ததையும் எரிபொருளாக எரித்துக்கொள்ளும். அதே மூத்தவள் போட்டியில் உயிரைக் கொடுத்து ஓடினால் 15-ஐயும் தாண்டுவாள். அது கெடுதல் அல்ல, அவளுடைய திறன்.

என் கவலை நீங்கள் பயப்படாமல் விட்ட எண்ணின் மேல். பயிற்சியால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகும். அதனால் ஹீமோகுளோபின் சற்று நீர்த்துக் குறைவாகத் தெரியும். ‘ஓட்டக்காரர்களுக்கு இது சகஜம்’ என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான். ஆனால் ஓடி முடித்த கையோடு எடுத்தால் கதை தலைகீழ். வியர்வையிலும் தசைக்குள்ளும் நீர் போய் ரத்தம் கெட்டிப்பட்டிருக்கும். அப்போதே 11.4 என்றால், ஓய்வு நாளில் இன்னும் குறைவாகவே இருக்கலாம். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. களைப்புக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நான் கல்லூரியில் 400 மீட்டர் ஓடிய நாட்களில் என் களைப்பைச் சோம்பல் என்றார்கள். ஒன்றரை வருடம் அதை நானும் நம்பினேன். இரும்புச்சத்து தீர்ந்துபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது. உங்கள் மகளுக்கு அப்படி நேர விடாதீர்கள்.

இரண்டு நாள் முழு ஓய்வு கொடுத்து, வேண்டிய அளவு தண்ணீர் குடிக்கவைத்து, காலையில் மறுபடி ரத்தம் எடுங்கள். ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது அது. வெள்ளணுக்கள் அப்போதும் கூடியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மாத்திரையின் அளவை அவர் சொல்லட்டும், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு நாள் தவிர ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். கடும் பயிற்சியை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் விடச்சொல்லுங்கள், டீ இரும்பை உடலில் சேரவிடாது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று அவளுடைய அம்மா இன்றைக்கே கேட்கட்டும். நீங்கள் கேட்டால் அவள் சொல்லமாட்டாள்.