விக்கி எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: ‘விக்கிப்பீடியா’வில் உள்ள ‘விக்கி’, நம் ‘விரைவு’ என்ற சொல்லின் திரிபு என்று வாட்சாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உலகத்துக்கே சொல் கொடுத்த மொழி தமிழ் என்பதற்கு இதுவும் ஒரு சான்றுதானே?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த், மலேசியா

பதில்: இல்லை. விக்கி ஹவாய் மொழிச் சொல். அதை யார், எங்கிருந்து எடுத்தார் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளர், படிப்பவர் எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களை 1995 மார்ச்சில் வெளியிட்டார். ‘குவிக் வெப்’ என்று பெயர் வைக்க நினைத்தவருக்கு, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடும் ‘விக்கி விக்கி’ பஸ் நினைவுக்கு வந்தது. அங்கே விக்கி என்றால் விரைவு. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதோடு என்சைக்ளோபீடியாவின் பின்பாதியைச் சேர்த்தார்கள். அந்தப் பாதி கிரேக்கம். கல்வி என்று பொருள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் ‘சான்று’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட எனக்கு மனமில்லை.

இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டால் அது சான்றாகாது. ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழியில் என்னவாகிறது என்பதைப் பல சொற்களில், ஒரே ஒழுங்கில் காட்ட வேண்டும். நாம் தினமும் பேசுகிற மலாயையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மலாயில் மாத்தா, ஹவாயில் மாக்கா. சாவதற்கு இங்கே மாத்தி, அங்கே மாக்கே. பேனுக்கு இங்கே கூத்து, அங்கே ஊக்கு. மூன்றிலும் ‘த’ இருந்த இடத்தில் ‘க’ நிற்கிறது. கூத்துவின் முதல் ‘க’ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஓர் ஒலியாகிவிட்டது. மீனிலும் அதே கதை: நம் பாசாரில் விற்கும் ஈக்கான் அங்கே ஈஆ. உக்குலேலே என்ற குட்டி கித்தாரின் பெயரில் இருப்பதும் இந்த ஊக்குதான். ஐந்துக்கு இரண்டிலும் லீமா. மடகாஸ்கரிலிருந்து ஹவாய் வரை பரவிய ஆஸ்திரோனேசியக் குடும்பத்தில் இரண்டும் உறவு. சான்று என்றால் இதுதான்.

இந்த மாதிரிச் செய்திகள்மேல் எனக்குப் பல காலமாகக் கோபம் உண்டு. விக்கியின் உறவுக்காரன் பக்கத்து வீட்டு மலாய். அதைப் பள்ளியில் படிக்கிறோம், கடையில் பேசுகிறோம், அரசாங்கப் பாரங்களில் எழுதுகிறோம். ஆனால் தேர்வு முடிந்த பிறகு அந்த மொழியை அக்கறையோடு பார்ப்பவர் நம்மில் சிலர்தான்.

அப்படிப் பார்த்தால் தமிழின் உண்மையான கொடையும் அங்கேயே கிடைக்கும். கப்பல் மலாயில் காப்பால். கட்டில் காத்தில். வியாபாரத்தில் போடும் முதல், மோடால். பினாங்கின் சௌராஸ்தா சந்தையைச் சுற்றி எந்தத் தெருவில் திரும்பினாலும் பலகையில் கெடாய் என்றிருக்கும். அது நம் கடை. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தை மலாய்க்காரர் காப்பால் தெர்பாங், பறக்கும் கப்பல், என்கிறார். கடல் கடந்து வணிகம் செய்த தமிழர் விட்டுச் சென்ற சொற்கள் இவை. அகராதிகள் ஏற்றுக்கொண்டவை, யாரிடமும் வாதாடத் தேவையில்லாதவை.

உங்கள் ஊரில் துறைமுகத்திலும் ரயிலிலும் வேலை செய்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் வாயில் புழங்கிய மலாயில் இன்னும் எத்தனை தமிழ்ச் சொற்கள் உண்டு என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.