அந்த ஒரு மணி நேரம் போனால் ஆண்டவரும் போய்விட்டாரா?

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்கு முன்பு தினமும் விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன். வேதம் வாசித்துக் குறிப்பு எழுதுவேன். ஆண்டவர் பக்கத்திலேயே இருப்பது போல இருக்கும். இப்போது 2 வயதுக் குழந்தை, வேலை, அதோடு படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார். ராத்திரி முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது, மனதில் ஒன்றும் ஒட்டுவதில்லை. சபையில் ஒரு மூத்த சகோதரி, ‘நீ ஆதி அன்பை விட்டுவிட்டாய்’ என்று சொன்னார். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. சில நாள் மாமியார்மேல் எரிந்து விழுந்துவிடுகிறேன். அன்றைக்கு ஜெபிக்கவே கூசுகிறது. பழையபடி ஆண்டவரோடு நெருங்கி வாழ நான் என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் வாசித்தபோது ஜெப நேரம் கிடைக்காத கவலை என்றுதான் நினைத்தேன். மறுபடி வாசித்தபோது கடைசிக்கு முந்தைய வரியிலேயே நின்றுவிட்டேன். ‘அன்றைக்கு ஜெபிக்கவே கூசுகிறது.’ உங்கள் பாரத்தின் பெரும்பகுதி அந்த வரியில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன், அந்தச் சகோதரி சொன்னதை ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வோம். அவர் சொன்ன வார்த்தை வெளிப்படுத்தல் 2-ஆம் அதிகாரத்தில் எபேசு சபைக்கு எழுதப்பட்டது. நம்மில் பலர் 4-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். 5-ஆம் வசனத்தையும் வாசியுங்கள். பழைய பரவசத்தைத் திரும்பக் கொண்டுவா என்று ஆண்டவர் அங்கே கேட்கவில்லை. ‘ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக’ என்கிறார். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதே என்று நடுராத்திரி எழுந்து ஒரு முதியவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறவரிடம் போய் அன்பு செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ என்று மத்தேயு 25-இல் சொன்னவருக்கு உங்கள் ராத்திரிகள் தெரியும்.

ஆனால் இதைச் சொன்னதும் சிலர் ஒரேயடியாக மறுபக்கம் போய்விடுவார்கள். ‘வேலையே ஜெபம், தனியாக எதற்கு?’ என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒரே வீட்டில் நாள் முழுக்க ஒருவருக்காக ஒருவர் உழைத்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத கணவன் மனைவியை நெருக்கமானவர்கள் என்று சொல்வோமா? பேச்சு வேண்டும். எவ்வளவு நேரம், எந்தத் தொனியில் என்பதெல்லாம் காலத்துக்குத் தகுந்தபடி மாறும். 20 வயதில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத விடியற்காலை உங்களிடம் இருந்தது. அதை ஆண்டவருக்குக் கொடுத்தீர்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது துண்டு துண்டான நேரம். அதைத்தான் கொடுக்க முடியும்.

வேதம் ஒட்டவில்லை, வறட்சியாக இருக்கிறது என்கிறீர்கள். இதைப் பாவம் என்று யாராவது சொன்னால் சங்கீத புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். 13-ஆம் சங்கீதம் தொடங்குவதே ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான். 88-ஆம் சங்கீதம் இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. கடைசியிலாவது ஒரு துதி வரும் என்று பார்த்தால் வராது. அதையும் ஜெபம் என்று ஏற்றுத்தான் வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். ‘உம்மை உணர முடியவில்லை’ என்று அவரிடமே சொல்கிறவர் அவரைப் பார்த்துத்தானே நின்றுகொண்டிருக்கிறார்!

இப்போது அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன்.

மாமியார்மேல் எரிந்து விழுகிறீர்கள். அது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது, நான் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். எழுந்து நடமாட முடியாத ஒருவருக்கு நம்முடைய ஒரு கடுஞ்சொல் நாள் முழுக்க வலிக்கும். ஆனால் அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். காலையில் கோபம். அதனால் பகல் முழுக்க ஜெபம் இல்லை. ராத்திரி அதற்கும் சேர்த்துக் குற்ற உணர்வு. மறுநாள் அந்தப் பாரத்தோடு எழுந்தால் சீக்கிரமே அடுத்த கோபம். ஆண்டவர் உங்களை விட்டு ஒரு அடியும் நகரவில்லை. ஏதேனில் ஆதாம் செய்ததைத்தான் நாம் எல்லாரும் செய்கிறோம், மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறோம். ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்று தேடி வந்தது அவர்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். இளமையில் போர்வீரர். குருப்பட்டம் பெறாத சாதாரணச் சகோதரராக மடத்தில் சேர்ந்தார். அவரை சமையலறையில் போட்டார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதது. அதில் 15 ஆண்டுகள் இருந்தார். ஆலயத்தில் முழங்காலில் இருக்கும்போது எப்படியோ, பாத்திரங்களுக்கு நடுவிலும் ஆண்டவரோடு அப்படியே பேசிக்கொண்டிருக்கப் பழகினார். 1691-இல் இறந்தார். அவருடைய கடிதங்களும் அவரோடு நடந்த உரையாடல்களின் குறிப்புகளும் இன்றுவரை வாசிக்கப்படுகின்றன.

அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சமையலறையோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்தச் சமாதானம் அவருக்கு உடனே வந்துவிடவில்லை. முதல் 10 ஆண்டுகள் மிகவும் தவித்ததாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்னொன்று, தவறு செய்துவிட்டால் அவர் நடந்துகொண்ட விதம். ‘என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், என்னை விழாமல் தடுத்துச் சீர்ப்படுத்த வேண்டியவர் நீர்’ என்கிற பொருளில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அதையே நினைத்துக் குமைந்துகொண்டிருக்க மாட்டார். அப்படியே வேலைக்குத் திரும்பிவிடுவார்.

இதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். எரிந்து விழுந்த அந்த நிமிடத்திலேயே, கையில் துணியோ மருந்தோ இருக்கும்போதே, ‘ஆண்டவரே, மன்னியும்’ என்று சொல்லுங்கள். ராத்திரிவரை தள்ளிப் போடாதீர்கள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, ‘அத்தை, கோபத்தில் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொன்னால் கூச்சம் போகாது.

‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்று பவுல் எழுதியதைப் பார்த்து நடக்காத காரியம் என்று நான் பல வருடம் நினைத்திருக்கிறேன். உங்களுக்கு அதை எளிதாகச் சொல்லிவிடலாம். நீங்கள் அசந்து தூங்கும்போதும் ஒரு காது குழந்தைமேல் இருக்கிறதல்லவா? வெளியே எவ்வளவு சத்தம் கேட்டாலும் எழுந்திருக்க மாட்டீர்கள், குழந்தை லேசாகச் சிணுங்கினால் போதும். ஆண்டவர் பக்கமும் அப்படி ஒரு காது இருக்கட்டும். அது பழகப் பழகத்தான் வரும்.

பழகுவதற்கு ஒரு வழி, தினமும் எப்படியும் செய்கிற வேலைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றோடும் ஒரே ஒரு வரி ஜெபத்தை முடிச்சுப் போட்டுவிடுவது. மாமியாருடைய அறைக் கதவில் கை வைக்கும்போது ‘தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ குழந்தையைத் தூங்க வைக்கும்போது ஒரு நன்றி. வேலைக்குக் கிளம்பிக் காலணி போடும்போது ‘என்னோடு வாரும்.’ நெகேமியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்று ராஜா கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், நின்ற இடத்திலேயே, நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்துவிடுகிறார். ஒரு மூச்சு நேரம் இருந்திருக்குமா? ஆனால் முந்தைய அதிகாரத்தையும் பாருங்கள். கிஸ்லே மாதத்திலிருந்து நிசான் மாதம்வரை, ஏறக்குறைய 4 மாதம், அவர் அழுது உபவாசித்து ஜெபித்த பிறகுதான் அந்த ஒரு மூச்சு வந்தது. அதனால் தனி நேரத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள் என்பேன். 10 நிமிடம் போதும். உங்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கிற நேரமாகப் பாருங்கள். ராத்திரி வேண்டாம். மதிய இடைவேளையாக இருந்தால்கூட நல்லதுதான். அந்த 10 நிமிடத்துக்கு போன் வேறு அறையிலோ பைக்குள்ளோ இருக்கட்டும்.

அந்த நேரத்தில் நிறைய வாசிக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு சங்கீதம். அதையே ஏழு நாளும். திங்கட்கிழமை ஒட்டாதது வியாழக்கிழமை ஒட்டலாம். ஒட்டாவிட்டாலும் போகட்டும், மனப்பாடமாகிவிடும்.

வாய்விட்டு வாசியுங்கள், முடிந்தால் மாமியாருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? என் அம்மா பக்கவாதம் வந்து 3 வருடம் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குக்கூட வார்த்தை வராது, கையைத்தான் அசைப்பார். நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். களைப்பு, கோபம், அதற்குப் பிறகு அழுகை. ஒருநாள் ராத்திரி ஜெபிக்கவே தெம்பில்லை, கடமைக்காக 23-ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தேன். ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று சொல்லும்போதே கண் சொருகிவிட்டது. கட்டிலில் இருந்து குழறலாக ஒரு குரல். ‘நான் தாழ்ச்சியடையேன்.’

தூக்கிவாரிப் போட்டது. பேச்சை இழந்தவர்களுக்கும் சிறுவயதிலிருந்து மனப்பாடமாக இருக்கிற ஜெபமும் பாட்டும் சில சமயம் வரும் என்று பிற்பாடு மருத்துவர் விளக்கினார். அந்த ராத்திரி எனக்கு அதெல்லாம் தெரியாது. ஜெபத்தில் தூங்கிவிழுந்த மகளுக்கு அம்மா மீதி வரியைச் சொல்லி முடித்தார், அவ்வளவுதான் தெரிந்தது. அதுவரை அம்மாவைக் கவனிக்க வேண்டியிருப்பதால்தான் எனக்கு ஜெப நேரம் போயிற்று என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது. அதன்பிறகு அந்தக் கட்டில்தான் எங்கள் இருவருக்கும் ஜெப அறை. கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

உங்கள் மாமியாருக்கு எந்தச் சங்கீதம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்களா? அவருக்குப் பேச முடியும் என்றால் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் தனக்குச் செய்துகொண்டே இருக்கிறார்களே, தன்னால் ஒன்றும் ஆகவில்லையே என்று படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒரு வேதனை உண்டு. அவரிடம் ஜெபம் கேட்டால் அவருக்கும் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதை உங்கள் கணவரும் வாசிக்கட்டும். கடிதத்தில் குழந்தை இருக்கிறது, வேலை இருக்கிறது, மாமியார் இருக்கிறார். கணவர் இல்லை. அவர் அம்மாவை அவர் எவ்வளவு பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனைவிக்கு ஜெபிக்க 10 நிமிடமும் தூங்க 6 மணி நேரமும் கிடைக்கவில்லை என்றால் அது அவளுடைய ஆவிக்குரிய குறைபாடு மட்டும் என்று விட்டுவிட முடியாது. வாரத்தில் இரண்டு ராத்திரி அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் வேலையை மகன் எடுத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் ஒருமுறையாவது பிரசங்கத்தை முழுக்கக் கேளுங்கள், திருவிருந்துக்கு அவசரமில்லாமல் போய் வாருங்கள். இதை அவரிடம் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. சாகிறேன் என்று சூரைச்செடியின்கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அனுப்பியது சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும்தான். மெல்லிய சத்தத்தில் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு.

ராத்திரி முழங்காலில் தூங்கிவிடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முழங்கால் போடாமல் படுத்துக்கொண்டே ‘ஆண்டவரே, இன்றைக்கு இவ்வளவுதான் முடிந்தது’ என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்று 127-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து எழுதுங்கள். மாமியார் எந்தச் சங்கீதத்தைச் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அதுவரை உங்கள் இருவருக்காகவும் என் ஜெபத்தில் ஒரு இடம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா