தடுப்பூசி விலக்குக் கடிதமும் நம்ப மறுக்கும் மருத்துவரும்: கேள்வி பதில்

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் ஊழியர் நலப் பிரிவில் 19 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனை கேட்கும் தடுப்பூசியைப் போட இயலாது என்று ஊழியர்கள் அனுப்பும் விலக்கு விண்ணப்பங்களைப் பரிசீலித்த குழுவிலும் இருந்திருக்கிறேன். அங்கு பணிபுரியும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

அக்கா, 2021-இல் கோவிட் ஊசியின் முதல் தவணைக்குப் பிறகு எனக்கு உடலெங்கும் தடிப்பு வந்தது. இப்போது சேரவிருக்கும் மருத்துவமனை அந்த ஊசியைக் கேட்கிறது. என் குடும்ப மருத்துவரோ, "அது பதற்றத்தால் வந்திருக்கும்" என்று சொல்லிக் கடிதம் தர மறுக்கிறார். என்ன செய்வது?

உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, தங்கையே. உடம்பில் நடந்ததை மனத்தில் நடந்ததாகச் சொல்லும்போது யாருக்கும் வலிக்கும். ஆனால் அந்த மருத்துவரின் மேசையில் உங்கள் தடிப்பைப் பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊசி போட்ட எத்தனையாவது நிமிடத்தில் தடிப்பு வந்தது, மூச்சு இரைத்ததா, இரத்த அழுத்தம் இறங்கியதா, அட்ரினலின் போட்டார்களா என்பவற்றைப் பொறுத்தே எல்லாம் தீர்மானமாகும். 4 மணி நேரத்துக்குள் வந்தால்தான் அதை உடனடி ஒவ்வாமை என்று கணக்கில் எடுப்பார்கள். மறுநாள் கையில் மட்டும் சிவந்து வீங்கியது விலக்குக்குக் காரணமாகாது.

எங்கள் குழுவுக்கு ஒரே வாரத்தில் வந்த இரண்டு கடிதங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. "மருத்துவக் காரணங்களால் இவருக்குத் தடுப்பூசி உகந்ததல்ல" என்று ஒற்றை வரியில் இருந்த முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பினோம். இரண்டாவதில் தேதி, ஊசியின் பெயர், பன்னிரண்டாவது நிமிடத்தில் தொண்டை இறுகியது, அவசரப் பிரிவில் அளித்த சிகிச்சை, ஒவ்வாமை நிபுணரின் முடிவு ஆகிய அனைத்தும் அரைப் பக்கத்தில் இருந்தன. அதைப் பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டோம். 2021 நவம்பரில் அமெரிக்க நடுவண் அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கென்று கொண்டுவந்து, 2022 ஜனவரி 13 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட கோவிட் தடுப்பூசி ஆணையும், எந்த ஊசி ஆகாது, எந்த மருத்துவக் காரணத்தால் ஆகாது என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றே கேட்டது. அந்த ஆணை போய்விட்டாலும், நிர்வாகங்கள் இன்றும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகின்றன.

ஆகவே "கடிதம் தாருங்கள்" என்று கேட்காமல், "ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அதை மறுக்கும் மருத்துவர் அரிது. ஃபைசர், மாடர்னா ஊசிகளில் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள்தான் காரணமோ என்று நிபுணர் ஆராய்வார். குடல் பரிசோதனைக்கு முன் குடிக்கும் மருந்திலும் மலமிளக்கிகளிலும் அதே வகைப் பொருள் இருப்பதால், அவற்றை எடுத்தபோது என்ன ஆனது என்றும் கேட்பார், யோசித்து வையுங்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் தவணைகளில் சுமார் 5 பேருக்கே வந்தது. முதல் தவணையில் எதிர்வினை கண்ட பலர், நிபுணரின் கண்காணிப்பில் இரண்டாவதைத் தாங்கிக்கொண்டதும் உண்டு. பரிசோதனை உங்கள் பக்கம் நின்றால் உறுதியான கடிதம் கிடைக்கும். நிற்காவிட்டால் பயமாவது தீரும்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர் ஃப்ளூ ஊசிக்கு விலக்குக் கேட்கலாமா?

இயலாது. 2023-24 பருவத்திலிருந்து தனி முன்னெச்சரிக்கைகூடத் தேவையில்லை என்று பரிந்துரை மாறிவிட்டது. முட்டையே சேராத ஊசிகளும் இருக்கின்றன.

கேள்வி கேட்காமல் கடிதம் எழுதித் தரும் மருத்துவர் யாரையாவது தெரியுமா?

தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். காசுக்கு வாங்கிய கடிதம் பிடிபட்டால், மருத்துவரின் உரிமத்தோடு உங்கள் செவிலியர் உரிமமும் விசா நிலையும் கேள்விக்குள்ளாகும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நான்கு மாதக் கர்ப்பிணி. எல்லா ஊசிக்கும் விலக்கு உண்டுதானே, அம்மா?

எல்லாவற்றுக்கும் இல்லை, மகளே. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கான ஊசி), சின்னம்மை ஊசி ஆகிய இரண்டும் உயிருள்ள கிருமியால் ஆனவை என்பதால், பிரசவம் வரை தற்காலிக விலக்கு கிடைக்கும். ஃப்ளூ ஊசியும் கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியும் கர்ப்பிணிகளுக்கென்றே பரிந்துரைக்கப்படுபவை; அவை பிறக்கப்போகும் குழந்தையையும் காக்கின்றன.

எனக்குக் கோவிட் ஏற்கெனவே வந்துபோனது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது. அதை மருத்துவ விலக்காக ஏற்காதது அநியாயம் இல்லையா? தட்டம்மைக்கு மட்டும் ஏன் ஏற்கிறார்கள்?

இதையே ஐந்து பேர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருப்பதாலும், கேள்வியில் நியாயம் இருப்பதாலும் சற்று விரிவாகவே சொல்கிறேன். விலக்கு என்பது வேறு, எதிர்ப்புச் சக்திக்கான சான்று என்பது வேறு. ஊசி உடம்புக்கு ஆகாது என்பது விலக்கு. ஊசியின் வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது என்பது சான்று. தட்டம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் காப்பு நிற்கும். அதை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் நன்கு நிலைபெற்றது. எனவேதான் தடுப்பூசிப் பதிவு இல்லாதவர்களிடம் பரிசோதனை முடிவை ஏற்கிறார்கள். கோவிட் கிருமி உருமாறிக்கொண்டே இருந்தது. எந்த அளவு எதிர்ப்பொருள் போதும் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எண் அமையவில்லை.

அப்படியானால் ஐரோப்பாவும் சிங்கப்பூரும் எப்படி ஏற்றன?

சரியான எதிர்வாதம். ஐரோப்பிய ஒன்றியச் சான்றிதழும் சிங்கப்பூரின் பணியிட விதியும், நோயிலிருந்து மீண்டவர்களை 180 நாள்கள் வரை ஏற்றுக்கொண்டன. அமெரிக்காவும் அவ்வாறு செய்திருக்கலாம் என்பதே என் சொந்தக் கருத்து. குழுவிலும் அதைச் சொன்னேன். ஆனால் அது கொள்கையை மாற்றக் கோரும் வாதம். அதை மருத்துவக் கடிதத்துக்குள் திணித்தால், மருத்துவர் உங்களை வாதாட வந்தவராகவே பார்ப்பார்; உண்மையான ஒவ்வாமையைச் சொன்னாலும் பிறகு நம்பமாட்டார்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். ஃப்ளூ ஊசி?

போட்டுக்கொள்ளலாம். மூக்கில் தெளிக்கும், உயிருள்ள கிருமியால் ஆன ஃப்ளூ மருந்துதான் கூடாது. உயிருள்ள கிருமியால் ஆன மற்ற ஊசிகளைப் பற்றி உங்கள் வாதநோய் மருத்துவர் எழுதித் தருவார்.

தெரிந்த டாக்டர் யாராவது...

மேலே பதில் இருக்கிறது.

மத நம்பிக்கையின் பேரில் விலக்குக் கேட்கலாமா?

அது சட்டத்தின் பாற்பட்டது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நிலைமை மாறியிருக்கிறது. தொழிலாளர் வழக்கறிஞரைக் கேளுங்கள். நம்பிக்கையை ஒவ்வாமை என்று மட்டும் எழுதாதீர்கள்.

சென்னையில் வேலை செய்கிறேன். எனக்கும் இவை பொருந்துமா?

பொருந்தாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று, யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றும், பொது நலன் கருதி அரசு அளவான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் கூறியது. அங்குள்ள வழக்கறிஞரே வழி.

ஹெபடைடிஸ் பி ஊசி வேண்டாம் என்றாலும் மருத்துவர் கடிதம் வேண்டுமா?

பல இடங்களில் வேண்டாம். இரத்தத்தால் பரவும் நோய்கள் பற்றிய அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டு விதியின்படி, நிர்வாகம் அதை இலவசமாகத் தர வேண்டும். மறுப்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். பின்னர் மனம் மாறினாலும் இலவசமாகத் தர வேண்டும். ஆனால் ஊசி குத்திய விரலோடு இரவில் ஓடிவந்த ஊழியர்களைப் பார்த்தவள் நான்; போட்டுக்கொள்ளுங்கள் என்றே மன்றாடுவேன்.

அக்கா, கடிதம் எழுதித் தரும்...

மூன்றாம் முறை. இனி இந்தக் கேள்வி வேண்டாம்.

எதிர்ப்பொருள் பற்றிக் கேட்டவன்தான். தட்டம்மைப் பரிசோதனை செய்தேன். எதிர்ப்பொருள் இல்லை என்று வந்திருக்கிறது. ஊரில் சிறுவயதில் போட்டதாக அம்மா சொல்கிறார்.

தம்பி, தேதியோடு எழுதிய அட்டை கிடைக்கிறதா என்று அம்மாவைப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். எம்.எம்.ஆர். இரண்டு தவணைக்கும் பதிவு இருந்தால், பரிசோதனை இப்படி வந்தாலும் அந்தப் பதிவே செல்லும். அட்டை இல்லையென்றால், 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை போட்டுக்கொண்டு வேலையில் சேருங்கள்.