கதியாலைத் தள்ளிப் போட்டுவிட்டு ஜெபம் நடத்தலாமா?

கேள்வி: எங்கள் சபையின் மாதர் சங்க ஜெபத்தை நான்தான் நடத்துகிறேன். பக்கத்து வளவுக்காரர் கனடாவில் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வேலி அடைக்கும்போது என் கணவர் வேலிக்கு நடும் கதியால் தடிகளை அவர்கள் பக்கம் இரண்டு அடி தள்ளிப் போட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தத் துண்டில் நிற்கும் தென்னையில் நாங்களே தேங்காய் பறிக்கிறோம். இப்போது அவர்களுடைய தாயார் திரும்பி வந்து குடியிருக்கிறார். ஜெபிக்க எழுந்தால் வாய் மட்டும்தான் பேசுகிறது. நான் மாய்மாலக்காரியா? பொறுப்பை விட்டுவிடட்டுமா?
- சண்டிலிப்பாய் வாசகி

பதில்: அன்பான சகோதரி, மாய்மாலக்காரருக்கு இப்படி உறுத்தாது. ஆனால் உறுத்தலையே மனந்திரும்புதல் என்று எண்ணிவிடாதீர்கள். அழுது ஜெபித்து, மனம் இலேசாகி, வேலி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பது எங்கள் சபைகளில் அடிக்கடி நடக்கிறது.

முதலில், தனியே இருந்து நடந்ததை நடந்தபடியே கர்த்தரிடம் சொல்லுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகள்" என்ற பொதுவான வார்த்தைக்குள் ஒளியவேண்டாம். இரண்டு அடி, தென்னை, உங்கள் மௌனம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே அறிக்கையிடுங்கள். நிலத்தை விற்ற தம்பதியரான அனனியாவும் சப்பீராளும் அந்தக் காசில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காகத் தண்டிக்கப்படவில்லை. நிலமும் அவர்களுடையது, விற்ற காசும் அவர்கள் வசம்தான் இருந்தது என்று பேதுருவே சொல்கிறார். முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதுதான் குற்றம் (அப்போஸ்தலர் 5).

அடுத்தது கணவர். அவருக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டாம். "நீங்கள் செய்தது" என்று தொடங்கினால் சண்டைதான் வரும். "நாங்கள் செய்தது" என்று தொடங்குங்கள், அதுதான் உண்மையும். 10 வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்க எங்கள் இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு என்று அவர் சொல்லக்கூடும். இடமிருக்கலாம். ஆனால் பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடாதே என்ற உபாகமம் 19:14 க்கு வருடக்கணக்கு இல்லை. அவர் மசியாவிட்டால் வேலியை உங்களால் தனியே பிடுங்க முடியாதுதான். அந்தத் தென்னையின் தேங்காயை இனி அடுப்படிக்கு எடுக்கமாட்டேன் என்று சொல்ல முடியும்.

அவர் இணங்கினால் இருவரும் சேர்ந்தே போங்கள். போதகரை முன்னால் அனுப்பவேண்டாம். பேச்சு இவ்வளவு போதும்: "மாமி, போன முறை வேலி அடைக்கேக்க நாங்கள் கதியாலை உங்கட பக்கம் தள்ளிப் போட்டிட்டம். அது பிழை. திருப்பி அடைச்சுத் தாறம்." இதோடு நிறுத்துங்கள். "ஏதும் பிழை நடந்திருந்தால்" என்று இழுத்தாலோ, கூலிக்காரன்மேல் போட்டாலோ, கேட்கிறவருக்கு உடனே விளங்கிவிடும். பழைய எல்லையில் ஐயம் இருந்தால் இரு பகுதியாரின் காணி உறுதிப் பத்திரங்களையும் பழைய நில அளவைப் படத்தையும் வைத்து, அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து கல் போடுங்கள். செலவு உங்களுடையது.

பறித்த தேங்காய்க்கும் கணக்கு உண்டு. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உரியவருக்கே கொடுக்கச் சொல்கிறது. நூறு தேங்காய் பறித்திருந்தால் நூற்றிருபது தேங்காயின் விலை. அந்தக் காசைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு மனதை ஆற்றிக்கொள்வதுதான் இங்கே பலர் விடும் பெரிய பிழை. எண்ணாகமம் 5:8 இன்படி, வாங்க உரியவரோ உறவினரோ இல்லாதபோதுதான் அது ஆசாரியனிடம் போகும். உங்களுக்கோ மாமி வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கிறார். அவர் கோபித்தாலும், ஊருக்குச் சொன்னாலும், கனடாவில் இருந்து பிள்ளைகள் தொலைபேசியில் ஏசினாலும் பதிலுக்குப் பதில் பேசாமல் வேலியைத் திருத்தி முடியுங்கள். மன்னிப்பை அவசரப்படுத்திக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை.

பொறுப்பை விடவேண்டாம், நிறுத்திவையுங்கள். மத்தேயு 5:24 இல் இயேசு காணிக்கையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அதைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்தச் சொன்னார். சங்கத் தலைவியிடம், "ஒரு வீட்டோடு தீர்க்கவேண்டிய காரியம் இருக்கிறது, அதுவரை வேறொருவர் நடத்தட்டும்" என்று சொன்னால் போதும். விபரத்தைச் சபை நடுவில் சாட்சியாகச் சொல்லவேண்டாம், முக்கியமாக மாமி அறியுமுன். வேலி பழைய இடத்துக்கு வந்து, காசும் அவர் கைக்குப் போன பிறகு, அடுத்த கூட்டத்துக்கே நீங்கள் எழுந்து ஜெபிக்கலாம்.