நியூ வேகஸில் காட்சி திக்குவது குறித்து

வணக்கம். புதிய கிராபிக்ஸ் கார்டு பொருத்திய பிறகும், ஃப்ரேம் (திரையில் வரும் படம்) எண்ணிக்கை வினாடிக்கு 60 என்றே காட்டும்போதும், மோடுகள் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் கோப்புகள்) சேர்த்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ திக்கித் திக்கி நகர்வதாக எழுதியிருந்தீர்கள். கோளாறு பெரும்பாலும் கார்டில் இல்லை. 2010இல் வந்த இவ்விளையாட்டு நேரத்தை அறிய நம்பும் விண்டோஸ் கடிகாரம் 10 முதல் 16 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் நகர்வதால், ஃப்ரேம்களுக்கு இடையிலான இடைவெளி தவறாகக் கணிக்கப்படுகிறது. இத்தகைய மோடுகள் இயங்கத் தேவையான ‘எக்ஸ்என்விஎஸ்இ’ என்ற துணை நிரலை நிறுவி, ‘நியூ வேகஸ் டிக் ஃபிக்ஸ்’ மோடைச் சேர்த்தால் இது பெருமளவு சீராகும்; இதே வேலைக்கான பழைய ‘ஸ்டட்டர் ரிமூவர்’ மோடு இருந்தால் தயவுசெய்து முதலில் நீக்கிவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் 4கே டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புக்கான மிகத் துல்லியமான படங்கள்) இருப்பதால், விளையாட்டு 4 ஜிபி வரை நினைவகத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் 4ஜிபி பேட்ச்சும் அவசியம். 32-பிட் நிரலான இவ்விளையாட்டு, அந்த பேட்ச் இல்லாமல் 2 ஜிபி நினைவகத்தைத் தாண்டாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விளையாட்டின் தொடக்க ஊரான குட்ஸ்பிரிங்ஸில் உள்ள சலூனைவிட்டு (மதுக்கூடம்) வெளியே வந்து, திக்கல் குறைந்ததா என்று தெருவில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.