அறுந்த ஒயரைத் தேடத் தோட்டம் முழுக்கத் தோண்ட வேண்டாம்

நாய் வெளியே போகாமலிருக்கத் தோட்டத்தைச் சுற்றி 200 மீட்டர் ஒயர் புதைத்த ஒரு வாசகர், வாய்க்கால் வெட்டிய பிறகு, ஒயரில் ஓடும் சிக்னலை உணர்ந்து நாயை எச்சரிக்கும் கழுத்துப்பட்டை வேலை செய்யவில்லை என்கிறார். ஆடியோ சிக்னல் ஜெனரேட்டர் நானே செய்து அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாமா, எத்தனை வாட் வேண்டும் என்பது அவர் கேள்வி.

தாராளமாகச் செய்யலாம். வாட் கணக்கெல்லாம் வேண்டாம், 30, 40 மில்லி ஆம்பியர் போதும். ஆனால் முதலில் ஒயரின் இரண்டு முனைகளையும் சிக்னல் அனுப்பும் பெட்டியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 200 மீட்டருக்கு மூன்றரை ஓம் அளவில்தான் காட்ட வேண்டும். முப்பது நாற்பது காட்டினால் ஏதோ ஒரு ஜாயிண்டில் களிம்பு ஏறியிருக்கிறது, இணைப்பே இல்லை என்று காட்டினால் அறுந்திருக்கிறது.

ஜெனரேட்டருக்கு 555 என்ற எட்டுக் கால் டைமர் ஐசி ஒன்று போதும். 8-ம் காலுக்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 6.8 கிலோ ஓம், 2-ஐயும் 6-ஐயும் சேர்த்து அங்கிருந்து மைனஸுக்கு 0.1 மைக்ரோஃபாரட். 4, 8 ப்ளஸுக்கு, 1 மைனஸுக்கு. கிட்டத்தட்ட 1 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 3-ம் காலிலிருந்து 100 மைக்ரோஃபாரட், அரை வாட் 100 ஓம் வழியாக ஒயரின் ஒரு முனைக்கு, மறுமுனை மைனஸுக்கு. சின்ன 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், பென்சில் செல் ஆறு போடுங்கள். அக்கம்பக்கத்துக் கரண்ட் லைனின் உறுமலில் இந்தச் சத்தம் தொலைந்து போகிறதென்றால், நொடிக்கு இரண்டு தடவை துடிக்கும் இன்னொரு 555-ன் வெளியீட்டை 4-ம் காலுக்குக் கொடுங்கள் (அப்போது 4-ஐ ப்ளஸிலிருந்து பிரித்துவிட வேண்டும்). விட்டு விட்டு வரும் பீப் சத்தத்தைக் காது உடனே பிடித்துக்கொள்ளும்.

உண்மையில் நீங்கள் மெனக்கெட வேண்டியது கேட்கும் பக்கத்தில்தான். பழைய 12 வோல்ட் ரிலே (காந்த சுவிட்ச்) ஒன்றின் ஆடும் தகட்டைக் கழற்றிவிட்டு, அதன் காயிலை ஒரு குச்சியின் நுனியில் நீளவாக்கில் கட்டி, ஷீல்டு ஒயர் வழியாக எல்எம்386 ஆம்ப்ளிஃபயருக்கும் ஹெட்போனுக்கும் கொடுங்கள். இந்தக் காயிலின் முனை நேராக ஒயரைப் பார்த்தால் சத்தம் செத்துவிடும், அதை மட்டும் மனதில் வையுங்கள். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக் குறுக்கே நடந்தால் இரண்டு பக்கமும் சத்தம் வரும், நடுவில் சட்டென்று அமைதியாகும், அங்கேதான் ஒயர். அப்புறம் காயிலைத் தரையோடு வைத்து 45 டிகிரி சாய்த்துப் பக்கவாட்டில் நகருங்கள், மறுபடி சத்தம் அடங்கும் இடம் வரை எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் ஆழம்.

இதெல்லாம் அறுபடாத ஒயருக்கு. உங்களுடையது அறுந்திருந்தால் கரண்ட் சுற்றி வராது, அதனால் ஜெனரேட்டரின் ஒரு முனையை ஒயருக்கும் மற்றதை (மைனஸை) ஈரமண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்கும் கொடுங்கள். அறுந்த இடத்தில் செம்பு மண்ணைத் தொடுவதால் சிக்னல் அங்கே இறங்கிவிடும், தாண்டினால் சத்தம் குறையும். முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஜெனரேட்டரை ஒயரின் மறுமுனைக்கு மாற்றியும் ஒருமுறை நடந்து பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். வாய்க்கால் கரையிலிருந்தே தொடங்குங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறுந்த முனைகளை வெறுமனே முறுக்கி விடாமல் சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) போட்டு மூடுங்கள். குழியை மூடுவதற்கு முன் மல்டிமீட்டரில் அந்த மூன்றரை ஓம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.