ஆள் பத்தாமல் இழுக்கிற பாட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு வயது 52. தொண்டியில் போட் இன்ஜின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் அறை நண்பன் ஒருவனால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையும் பழைய ராக்கும் பிடித்துக்கொண்டன, முப்பது வருடமாக விடவில்லை. கடை அடைத்தபின் மொட்டைமாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் கேட்பேன். வீட்டில் யாருக்கும் இதில் நாட்டமில்லை. இப்போது பிளஸ் டூ படிக்கிற மகள் "அப்படி என்னதான் கேக்குறீங்கப்பா" என்கிறாள். அவளுக்குப் போட்டுக்காட்ட பத்துப் பாட்டு சொல்லுங்கள். நம்ம கடற்கரைக்கும் இந்த இசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அதனால்தான் தயக்கம். லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டு எனக்கு உயிர். அதிலிருந்து தொடங்கலாமா? இசைத்தட்டில் கேட்டால்தான் முழுசாக இருக்கும் என்கிறார்களே, வாங்கலாமா? கிட்டார் வாசிப்பதில் கிளாப்டன், ஹெண்ட்ரிக்ஸ் இருவரில் யார் பெரியவர்?

செ., தொண்டி

அன்புள்ள தம்பி,

இசைத்தட்டு வேண்டாம். அந்தக் காசுக்கு நல்லதாக ஒரு ஸ்பீக்கர் வாங்குங்கள். யார் பெரியவர் என்ற கேள்வியை அந்தக் கல்லூரி அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். 52 வயதில் இன்னும் அதைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

உங்களுக்கு உயிரான அந்தப் பாட்டுக்கு வருகிறேன். அது லெட் செப்பலின் உண்டாக்கிய பாட்டு இல்லை. 1929-இல் ப்ளூஸ் பாடகி மெம்ஃபிஸ் மின்னியும் அவர் கணவர் கேன்சஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்தது. 'லெவி' என்றால் ஆற்றுக்குப் போட்ட கரை. 1927-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்தது. நம்ம கண்மாய்க்கரை மாதிரி மண்ணை மேடாக அடித்து, ஆற்றோரமாக மைல் கணக்கில் போட்ட கரை. 6 லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். கரை உடையாமல் இருக்க மண் மூட்டை சுமக்க வைத்தது யாரை? கறுப்பினக் கூலிகளைத்தான், அதுவும் துப்பாக்கியைக் காட்டி. அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் வந்த பாட்டு இது. லெட் செப்பலின் 1971-இல் அதை எடுத்துச் செய்தபோது எழுதியவர்கள் வரிசையில் மின்னியின் பெயரையும் போட்டார்கள். அவர்களே போட்ட பெயரை, முப்பது வருடம் கேட்ட நீங்கள் எனக்கு எழுதும்போது விட்டுவிட்டீர்கள். மகளிடமும் இப்படித்தான் சொல்லப்போகிறீர்களா? ஒரு பெண்பிள்ளையிடம், 1929-இல் கையில் கிட்டாரோடு உட்கார்ந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கோபம் போதும். கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு வரி: 'நம்ம கடற்கரைக்கும் இந்த இசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.'

போன மாதம் தனுஷ்கோடிப் பக்கம் போயிருந்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசையாக ஆட்கள், குதிகால் மணலில் குழி பறிக்க, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை யாரும் பாடவில்லை. மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு வரும்வரை மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான். அதிலிருந்து அம்மாவின் அப்பா ஞாபகமாகவே இருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

தாத்தாவுக்கு ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில், பயணிகளோடு ரயிலையே கடல் கொண்டுபோன அந்த ராத்திரியில், வீடும் வள்ளமும் போய், பாட்டியையும் என் அம்மாவையும் மாமாவையும் மட்டும் கூட்டிக்கொண்டு பாம்பனுக்கு வந்தவர். மறுபடி சொந்தமாக வள்ளம் வாங்கவே இல்லை. சாகும்வரை அடுத்தவர் வலைக்குத்தான் கயிறு இழுத்தார். அம்பா பாட அவரைத்தான் முன்னால் விடுவார்கள். அவர் ஒரு அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று திருப்பி வாங்குவார்கள், அந்த வாங்கலில்தான் கயிறு ஒரு முழம் கரைக்கு ஏறும். வலை தூரத்தில் கிடக்கும்போது பாட்டு நிதானமாக இருக்கும், மடி நெருங்க நெருங்க ஓட்டம் பிடிக்கும்.

மாமா கப்பலில் வேலை பார்த்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்ரெக்கார்டரும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்தார். ஒன்றின் அட்டையில் பெயரே இல்லை. முதுகில் விறகுக்கட்டைச் சுமந்து குனிந்து நிற்கும் ஒரு கிழவர் படம் மட்டும். தாத்தா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டு சரியா கட்டல. முள்ளு முதுகுல ஏறிரும்" என்றார். அந்தக் கேசட்டின் கடைசிப் பாட்டுதான் நீங்கள் உயிர் என்று எழுதியிருப்பது.

வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்த ராத்திரி, கரண்ட் இல்லை. பேட்டரி போட்டு மாமா அதை ஓடவிட்டார். அந்த டிரம்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில், மாடிப்படிக்கட்டின் அடியில் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹமை உட்காரவைத்து, மேலே படிக்கட்டிலிருந்து மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தது. அதனால்தான் ஒவ்வொரு அடியும் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வருகிற மாதிரி கனமாக விழுகிறது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பயமாக இருந்தது. தாத்தா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னடா இது, ஆளு பத்தாம இழுக்குறாய்ங்க."

அவருக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. வெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்று மாமாவுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இருபது பேர் இழுக்க வேண்டிய கயிற்றைப் பத்துப் பேர் இழுத்தால் அம்பா எப்படிக் கனத்துப்போகுமோ அந்த நடையை அவர் காது பிடித்துவிட்டது. ஏழு நிமிஷமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்கா போடு" என்றார்.

ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம்!

அம்பாவும் ப்ளூஸும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கதைகட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ப்ளூஸ், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பருத்திக் காட்டிலும் ரயில்பாதையிலும் சிறைக்கூடத்திலும் வேலை செய்தபடி பாடிய பாட்டிலிருந்து வந்தது, அந்தக் கணக்கு அவர்களுடையது. ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள். பழைய ப்ளூஸ் பாட்டில் ஒரு வரியைச் சொல்வார்கள், அதையே திரும்பச் சொல்வார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரு இடைவெளி. வேலைக்காட்டில் அந்த இடைவெளியைக் கூட்டம் நிரப்பியது. கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிழைக்க வந்தவனுக்கு யார் பதில் பாடுவார்கள்? கிட்டார்தான். ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் சின்ன வயதில் மிசிசிப்பியில் பருத்தி எடுத்தவர். அவர் பாடும்போது லூசில் என்று தான் பெயர் வைத்த கிட்டாரை வாசிக்க மாட்டார், அது பேசும்போது அவர் வாய் திறக்க மாட்டார். மடி வாட்டர்ஸ் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகரை 1941-இல் மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணையில் நாட்டுப்பாட்டு சேகரிக்கிற ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தபோது அவர் அங்கே கூலியாள். இரண்டு வருடம் கழித்து சிகாகோவுக்குப் போனார். அந்த ஊர் இரைச்சலில் சாதாரண கிட்டார் எடுபடவில்லை, மின்சார கிட்டாரை எடுத்தார். 1950-இல் அவர் பாடிய ஒரு பாட்டின் தலைப்பைத்தான் 1962-இல் லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்குப் பெயராக வைத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ். நீங்கள் பழைய ராக் என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படிக் கயிறு இழுத்தவன் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

தொண்டியில் பிறந்து, வள்ளம் தள்ளுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புரியுமா என்று தயங்குகிறீர்கள். அவளை நினைத்து எனக்குத் தயக்கமே இல்லை. முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு பாட்டைக்கூட வெளியே கேட்கும்படி வைக்காத உங்களை நினைத்துத்தான் வருத்தப்படுகிறேன். என் தாத்தா ஹெட்போன் மாட்டி அம்பா பாடியிருந்தால் கயிறு நகர்ந்திருக்குமா தம்பி? மாமா அன்றைக்கு அந்தக் கேசட்டைத் தனியாகக் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் உங்களுக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். மாமாவும் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. டேப்ரெக்கார்டர் என்னிடம்தான் இருக்கிறது, ஓடாது, உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் துரு.

பத்துப் பாட்டு கேட்டிருந்தீர்கள். இரண்டு போதும். முதலில் மின்னியும் ஜோவும் செய்த 1929 பதிவு. இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது முடிந்ததும் 1971-இல் செய்தது. திண்ணையில் வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி. நடுவில் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம், பெயர்களை மட்டும் சொல்லுங்கள். அவள் பாதியில் எழுந்துபோனால் போகட்டும். உங்கள் அம்மா இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்